பீங்கான் தட்டைச் சுற்றி வந்த பேய்

என் மனைவி என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் ஒரு பேயைப் பற்றியது.

“ஏங்க, பேய்க்கு எதுக்குங்க பூட்ஸு?”

அதுவரை அவள் பேசியதெல்லாம் ‘ம்’, ‘இல்ல’, ‘போதுமா’ என்ற அளவில்தான். அதிலும் ‘போதுமா’ சோற்றைப் பற்றியது. தை மாதத்தில் எங்களுக்குக் கல்யாணம். அவள் குரும்பகரத்துப் பெண், நான் தலத்தெரு ஆள். இரண்டு ஊருக்கும் நடுவில் வயலும் வாய்க்காலும்தான், கடல் ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஏதோ கப்பலில் வந்து இறங்கியவள் மாதிரி, பேசினால் பாஷை புரியுமோ புரியாதோ என்ற முகத்தோடு எங்கள் வீட்டில் நடமாடினாள். நானோ வாயாடி. வேலை பார்த்த கடையில் எனக்கு ‘ரேடியோ’ என்றே பெயர். அந்த ரேடியோ வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் நின்றுவிடும். ஒருநாள் துணிந்து, “உங்க ஊர்ல மழையெல்லாம் எப்படி?” என்று கேட்டேன். “பெய்யும்” என்றாள். மழை அதோடு விட்டது.

வீட்டில் அம்மா, நான், அவள் என்று மூன்று பேர். அம்மாவும் அவளும் அரிசி பருப்பைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதுவும் இல்லை. இப்படியே போனால் அறுபதாம் கல்யாணம் வரைக்கும் ஊமை நாடகம்தான் என்று உள்ளுக்குள் ஒரே உதறல்.

அந்த நேரத்தில்தான் பேய் வந்தது.

காரைக்கால் டவுனில் மரைக்காயர் ஒருவரின் பீங்கான் கடையில் எனக்கு வேலை. முதலாளியின் தம்பிக்கு சைகோனில் வியாபாரம். தட்டு, கிண்ணம், பூச்சாடி எல்லாம் அவர் மரப்பெட்டியில் அனுப்புவார். கப்பலில் வந்து புதுச்சேரியில் இறங்கி, லாரியில் எங்கள் கடைக்கு வரும். பெட்டியை உடைத்து, வைக்கோலை விலக்கி, ஒவ்வொரு பண்டமாகக் காகிதத்தை உரித்து எடுப்பது என் பொறுப்பு. காகிதம் அந்த ஊரில் விற்கும் ஏதோ பிரெஞ்சு வாரப் பத்திரிகை. பழசானதும் கட்டாக வாங்கிச் சாமான் சுற்றிவிடுவார்கள் போலிருக்கிறது. மந்திரிகளின் மொட்டைத் தலையும் சோப்பு விளம்பரமும் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் ஒரு சூப்புக் கிண்ணத்தை உரித்தபோது, வண்ணத்தில் அச்சிட்ட தாளிலிருந்து ஒருத்தி என்னைப் பார்த்தாள். நீல முகம். அவிழ்ந்த தலை. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பள்ளம்.

கிண்ணத்தைக் கீழே போட்டேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? போடவில்லை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

“என்ன ஓய், பாம்பா?” என்று முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“இல்ல மொதலாளி. பொம்பள.”

“பொட்டிக்குள்ளயா? கப்பல்ல டிக்கெட் எடுக்காம வந்துட்டாளா?”

எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தார். கட்டம் கட்டமாகப் படக்கதை. கடலோரத்தில் ஒரு சாம்பல் நிற ஊர், அதில் இறந்துபோன ஒருத்தி நடந்து போகிறாள். அவள் நுழைந்த வீட்டிலிருந்து ஆண்கள் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுகிறார்கள்.

“மவுத்தானவளுக்கு என்ன ஓய் இம்புட்டு ரோஷம்? இந்த ஷைத்தானெல்லாம் கடையில வேணாம். வீட்டுக்குக் கொண்டு போயி அலமாரியில விரிச்சிக்கிடும். உம்ம வீட்டுல யாரும் பயந்துக்க மாட்டாங்கள்ல?”

“என்னத் தவிர யாரும் பயப்பட மாட்டாங்க மொதலாளி.”

அன்றைக்கு அந்தி சாயும் நேரத்தில் சைக்கிளில் வந்தேன். மடித்த தாள் பின்னால் கேரியரில். அரசலாற்றுப் பக்கமிருந்து உப்புக் காற்று. பாதி வழியில் சைக்கிள் கனக்க ஆரம்பித்தது. டயரில் காற்று இறங்கியிருந்ததுதான் காரணம் என்று மறுநாள் தெரிந்தது. ஆனால் அப்போது, யாரோ ஒருத்தி ஒருக்களித்துக் கேரியரில் உட்கார்ந்து, ஈரப் பாவாடை சக்கரத்தில் மாட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவதாகவே தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை. “பயப்படாம உக்காரு, வந்துடுச்சு” என்று முன்னால் பார்த்தபடியே சொன்னேன். அவளுக்குத் தமிழ் தெரியுமா என்று யோசிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். தாள் அலமாரிக்குப் போகவில்லை. கூடத்தில் ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் விரித்துப் போட்டுக்கொண்டு என் மனைவி குப்புறப் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து புடவையைச் சரிசெய்தாள். உள்ளே போகப் போனவள் நின்றாள். அப்போது கேட்டதுதான் அந்தப் பூட்ஸ் கேள்வி.

நல்ல கேள்வி. நம் ஊர்ப் பேய்க்குக் கால் தரையில் படாது. அவளுக்குத் தெரிந்த அளவில் அதுதான் இலக்கணம். தாளில் இருந்தவளோ முழங்கால் வரை லேஸ் கட்டிய பூட்ஸ் போட்டுக்கொண்டு டக்டக்கென்று நடக்கிறாள்.

“குளிர் ஊரு. கால் வெறைச்சுடும்ல?” என்றேன்.

“செத்தவளுக்குக் குளிருமா?”

“செத்தப்புறம் போட்டதில்ல. போட்டுக்கிட்டே செத்திருப்பா.”

யோசித்தாள். “அப்ப நம்மூர்ல செத்தவங்களுக்கு மெட்டி கெடக்குமா?” என்றாள். அன்றைக்குச் சோறு ஆறிப்போயிற்று. கல்யாணம் ஆனபின் ஆறிப்போன சோற்றை நான் அவ்வளவு ருசித்துச் சாப்பிட்டது அன்றுதான்.

அதற்கப்புறம் கடையில் ஒவ்வொரு பெட்டியையும் புதையல் எடுப்பவன் போல உடைத்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு மூன்று தாளாவது சிக்கும். வரிசையில் வராது. தேநீர்க் கோப்பை நடுக்கதையைக் கொண்டுவரும், பெரிய தட்டு ஆரம்பத்தைக் கொண்டுவரும். அவள் கசங்கல் நீங்கத் தண்ணீர் தெளித்து, பாய்க்கு அடியில் பரப்பி, அதன்மேலேயே படுத்துக்கொள்வாள். காலையில் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். பேயின்மேல் படுத்து அவள் நிம்மதியாகத் தூங்குவாள். பேய்க்குப் பக்கத்தில் படுத்திருந்த நான்தான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எழுத்து பிரெஞ்சு. அதை வாசிக்கும் பொறுப்பு எனக்கு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் நான் பரீட்சை எழுதியது பலமுறை. வாத்தியாருக்கே என்னைப் பார்த்து அலுத்துவிட்டது. ஆகவே நாலு வார்த்தை தெரியும். ‘மோர்’ என்றால் சாவு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அன்று முதல் சாப்பாட்டில் நான் மோர் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பாள். மற்ற வார்த்தைகளுக்கெல்லாம் படத்தைப் பார்த்து நானாகவே ஒரு அர்த்தம் சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அப்படி இருக்காதுங்க. மூஞ்சியப் பாருங்க, அது கெஞ்சுற மூஞ்சியா?” என்பாள். படத்துக்கு மேலே போட்டிருந்த பிரெஞ்சை விட அவள் சொன்னதே சரியாக இருக்கும். கடைசியில் எழுத்தை இருவருமே மறந்துவிட்டோம்.

இப்படிச் சேர்ந்த கதை இதுதான். அந்தப் பெண் ஒரு கப்பல் மாலுமியின் மனைவி. கடலில் மூழ்கி இறந்தாள். இறந்த பிறகு நனைந்த உடையோடு வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைத் தட்டினாள். புருஷன் திறந்தான், பார்த்தான், பின்கதவு வழியாக ஓடிவிட்டான். அன்றிலிருந்து அவள் அவனைத் தேடிப் போகிறாள். போகிற வழியில் எந்த வீட்டில் அக்கிரமம் நடக்கிறதோ அங்கே நுழைகிறாள். குதிரையை அடிக்கிறவன், வேலைக்காரியைப் பூட்டி வைத்தவன் எல்லாரும் அவளைக் கண்டு அலறுகிறார்கள். ஒவ்வொரு தாளிலும் ஏதாவது ஒரு மூலையில், கோட்டின் வால் பறக்க அந்தப் புருஷன் ஓடிக்கொண்டிருப்பான்.

எனக்குத் தெரிந்த பேய்க்கதைகளில் பேய் ஓரத்தில் வரும். புளியமரத்தில் உட்கார்ந்திருக்கும், பூக் கேட்கும், சுண்ணாம்பு கேட்கும், கடைசியில் எவனாவது ஆணியடித்துவிடுவான். கதை முழுக்கப் பயந்தவனைப் பற்றி. இந்தப் படக்கதையில் அது தலைகீழாக இருந்தது. அவள் எங்கே போனாளோ அங்கே கதை போயிற்று. அவள் நின்று கடலைப் பார்த்தால் கதையும் நின்று கடலைப் பார்த்தது. ஒரு தாளில் முழுப் பக்கத்துக்கும் வேறொன்றுமே இல்லை. மூடுபனி, ஒரு படகு, அவள் முதுகு. அந்தப் பக்கத்தை என் மனைவி ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் தாளின்மேல் மெல்ல நகர்ந்து போயிற்று. வெளியே கொல்லையில் எங்கள் தென்னை மட்டை அசைகிற சத்தம், அந்த வெள்ளைக்கார ஊரின் அலைச் சத்தம் மாதிரியே கேட்டது. அது எந்த ஊர், நாங்கள் எந்த ஊர் என்று பிரித்துச் சொல்ல முடியாத மாதிரி ஒரு மயக்கம்.

“யார்கிட்டயும் கேக்காம எங்க வேணாலும் போறா பாருங்க” என்றாள்.

“செத்தாதான் அப்படிப் போக முடியும் போலருக்கு.”

“அதான் பாவமா இருக்கு” என்றாள். பிறகு சிரித்தாள். “ஆனா அந்த ஓடுறவனப் பாத்தா சிரிப்பா வருது. நீங்க ஓடுனாலும் இப்படித்தாங்க இருப்பீங்க.”

அவன் காலும் என் கால் மாதிரி குச்சிதான்.

அம்மாவுக்கு இதெல்லாம் கட்டோடு பிடிக்கவில்லை. “புதுசா வாழ வந்த பொண்ணு பேய்ப் படத்த பாயில வச்சிப் படுத்துக்குறா, நீயும் சேந்து பல்ல இளிக்கிற. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் எல்லாத்தையும் வெந்நி அடுப்புல வைக்கப் போறேன் பாரு” என்பாள். அதனால் அடுப்பு எரியும் நேரத்தில் தாள்களெல்லாம் என் மனைவியின் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும்.

பங்குனி போய், சித்திரை போய், வைகாசியும் போயிற்று. பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டப் போகிறான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. சைகோன் பக்கமும் சண்டை. ஆனியில் ஒரு பெட்டி வந்தபோது முதலாளி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“இதான் கடைசி ஓய். தம்பி சேதி அனுப்பிட்டான். கடையக் கட்டிப்புட்டு ஊரோட வர்றானாம். உம்ம பொம்பளைக்கிட்டயும் சொல்லிரும்.”

அந்தப் பெட்டியில் ஒரே ஒரு படக்கதைத் தாள்தான் இருந்தது. ஒரு பூச்சாடியைச் சுற்றியிருந்தது. உரிக்கும்போது பின்பக்கம் தெரிந்தது. அடியில் ‘முற்றும்’ என்று பிரெஞ்சில் போட்டிருந்தது. எந்தப் பரீட்சையில் தவறியவனுக்கும் தெரிந்த வார்த்தை. சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு நாலாக மடித்துவிட்டேன். பாதி பயம்தான். மற்றப் பாதியை முதலாளியிடம்கூடச் சொல்லவில்லை. கதை முடிந்துவிட்டால் நாங்கள் இருவரும் எதைப் பற்றிப் பேசுவோம்? மறுபடியும் ‘ம்’, ‘இல்ல’, ‘போதுமா’வா? அதுவும் தலை ஆடி வந்துகொண்டிருக்கிறது. புதுப்பெண்ணை ஆடி மாதம் பிறந்த வீட்டில் வைத்துக்கொள்வார்கள். மாதம் முழுக்க அங்கே இருந்துவிட்டு ஆவணியில் திரும்பி வருகிறவள், சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் புதுசாக வந்து நிற்பாளே என்று நினைத்தால் பேயைப் பார்ப்பதைவிட எனக்கு உதறியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அவள் கோவில்பத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள், மறுநாள்தான் வருவாள். சைக்கிளை நிறுத்திவிட்டுக் கால் கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் அம்மா கேரியரிலிருந்த தாளை எடுத்து விரித்துவிட்டாள். அடுப்புக்குத்தான் போகப் போகிறது என்று நினைத்தேன். அம்மா அடுப்புப் பக்கம் போகவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்துக்கொண்டு நின்றாள்.

“தாயே! வெள்ளைக்காரனுக்குக்கூட தெரிஞ்சிருக்கே ஒன்ன!”

எட்டிப் பார்த்தேன். எலும்பும் தோலுமான ஒருத்தி, விலா எலும்பு தெரிய, தலைமயிர் தீ மாதிரி பறக்க, பனி மூடிய மலையில் தலைகீழாகக் கையால் நடந்து ஏறிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வேறு எந்த ஊரில் இந்தப் படத்தைக் காட்டினாலும் பூசாரியைக் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் கற்பூரம் ஏற்றுவார்கள். காரைக்காலில் நாங்கள் கும்பிடும் அம்மை ஒரு வணிகனின் மனைவி. அவள் கையில் மாம்பழம் தானாக வந்த அதிசயத்தைக் கண்டு புருஷன் பயந்து ஓடிவிட்டான். அவளோ இனி இந்த அழகு எதற்கென்று சதையை உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டாள். கைலாசத்தில் கால் படக்கூடாது என்று தலையால் நடந்தாள்.

இப்போது சொல்லுங்கள், அம்மா மேல் என்ன தப்பு?

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கூடிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் மலையுச்சியைக் காட்டி, “பெரியம்மா, மேல கோபுரம் மாதிரி தெரியலயே. மாதா கோயிலு மாதிரில்ல இருக்கு?” என்றாள்.

“கைலாசத்துல என்ன கட்டடம் கட்டிருக்காங்கன்னு நீ போயிப் பாத்தியா?” என்றாள் அம்மா.

“கால்ல பூட்ஸு வேற இருக்கு...”

“பனில நடந்தவ. வெறுங்காலோட போவாளா?”

“கையாலல்ல நடக்குறாங்க?”

“ஒனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி!”

மறுநாள் நான் கடையிலிருந்து வருவதற்குள் அம்மா அதை எடுத்துக்கொண்டு போய், அட்டையில் பசை தடவி ஒட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, பூஜை மாடத்தில் மாட்டிவிட்டாள். பேயின் நெற்றியில் குங்குமம். என் மனைவி அதற்கு முன்னால் நின்று முழித்துக்கொண்டிருந்தாள்.

“பின்பக்கம் என்னங்க இருந்துச்சு?”

“முற்றும்னு போட்டிருந்துச்சு.”

“அது சரி. படத்துல?”

“கண்ண மூடிக்கிட்டேன்.”

என்னை அவள் பார்த்த பார்வையில் கோபமில்லை. குதிரையை அடிக்கிறவனைப் பேய் பார்ப்பதற்கு முன் ஒரு கணம் நிற்குமே, அந்த மாதிரி.

“உப்பு கொட்டிருந்தாங்கள்ல, அவ கால் வெக்க முடியாதுன்னு? கையால ஏறிட்டா பாத்தீங்களா! அந்தக் கோபுரத்துக்குள்ளதான் அவ புருஷன் ஒளிஞ்சிருக்கான்” என்றாள். போன தாளில் ஜனங்கள் பாதையில் வெள்ளையாக ஏதோ கொட்டினார்கள். பனி என்று நான் சொன்னேன், உப்பு என்று அவள் சொன்னாள். அவள் சொன்னதே நின்றது. “அவனப் பாத்து அவ என்ன செஞ்சான்னு ஆடிக்குப் போறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணுங்க. தெரியாம அங்க போயி எப்படி உக்காந்திருப்பேன்?”

எனக்கு அது தெரியாமல் இருப்பதே நல்லதென்று பட்டது. கண்ணாடிக்குள் பசையோடு ஒட்டியிருக்கும் முடிவு, முடியாத முடிவு. நாள்தோறும் சூடம் காட்டும்போது அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று நானும் பக்தியோடு கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கும் அந்த வெள்ளைக்காரிக்கும் மட்டும் தெரியும்.

அம்மையின் மாங்கனித் திருவிழா வந்தது. சிவன் பிச்சாண்டவராக வீதியுலா வரும்போது மாடியிலும் கூரையிலும் நின்று ஜனங்கள் மாம்பழம் வீசுவார்கள். கீழே இருக்கிறவர்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். பிள்ளை வேண்டும் என்கிறவர்களுக்கு அந்தப் பழம் பிரசாதம். மருமகளுக்குத் தலைவலி என்றதும், “நீ படு, ஒனக்குச் சேத்து நான் புடிச்சாறேன்” என்று அம்மா கிளம்பிப் போய்விட்டாள்.

அம்மாவின் தலை தெருவில் மறைந்தது. தலைவலியும் மறைந்தது.

“எறக்குங்க.”

“என்னத்த?”

“அவளத்தான்.”

சட்டத்தை இறக்கினேன். ஆணியை நெம்பியது அவள்தான். கண்ணாடியை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரை அட்டையில் மெல்ல மெல்லத் தொட்டு வைத்தாள். புண்ணுக்கு மருந்து போடுவதுபோல அவ்வளவு பதமாக. பசை இளகியது. தாள் ஓரத்திலிருந்து கிளம்பியது. தூரத்தில் மேளமும் ஜனங்களின் ‘ஓ’ என்ற சத்தமும். எங்கேயோ வானத்திலிருந்து பழம் விழுந்துகொண்டிருக்க, நாங்கள் மூச்சுப் பிடித்துக்கொண்டு ஒரு பேயைப் பசையிலிருந்து விடுவித்துக்கொண்டிருந்தோம். அந்த மத்தியானம் உண்மையிலேயே நடந்ததா என்று இப்போதும் சில சமயம் எனக்குச் சந்தேகம் வரும்.

பின்பக்கத்தில் பெரும்பகுதி அட்டையோடு போய்விட்டது. வெள்ளைத் திட்டுகளுக்கு நடுவில் கடைசிக் கட்டம் மட்டும் தப்பியது. கோபுரத்தின் கதவு பாதி திறந்திருக்கிறது. கதவைப் பிடித்தபடி அவள் நிற்கிறாள், தலைமுடி மறைத்ததில் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று தெரியவில்லை. உள்ளே தரையில் புருஷன் குப்புறக் கிடக்கிறான். வாசற்படியில் ஈரமாக இரண்டு கைத்தடம்.

“கெளம்பிட்டா” என்றாள் என் மனைவி. “அவன ஒரு பார்வை பாத்தா. இவனுக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தோம்னு கெளம்பிட்டா.”

“இல்ல இல்ல. இப்பதான் உள்ள போறா. அவனத் தூக்கி விடப் போறா.”

“எதுக்குத் தூக்கணும்?”

“பாவம், விழுந்து கெடக்கான்ல?”

“ஓடுனவன் விழுந்தா அவளா பொறுப்பு?”

நான் அந்தக் குப்புறக் கிடந்தவனுக்காக வக்கீல் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. அம்மா. மடி நிறைய மாம்பழம். கீழே சட்டம், ஆணி, கண்ணாடி, ஈரத்தில் அம்மை.

நான் எழுந்து சுவரோரம் போய்விட்டேன். என் மனைவி நகரவில்லை. “அத்தே, பின்பக்கமும் கதை இருந்துச்சு. அதான் பாத்தோம்” என்றாள்.

அம்மா குனிந்து பார்த்தாள். “இது யாரு, குப்புறக் கெடக்குறவன்?”

“அவங்க புருஷன் அத்தே.”

“பயந்து ஓடுனானே, அவனா?”

“ஆமா.”

“கெடக்கட்டும்” என்றாள் அம்மா. ஒரு பழத்தை எடுத்து மருமகள் கையில் கொடுத்துவிட்டு, “காய வச்சி மறுபடி ஒட்டிருங்க. வெளக்கு வெக்கற நேரத்துக்கு அம்மை மாடத்துல இருக்கணும்” என்று உள்ளே போய்விட்டாள். இரண்டு பெண்கள் ஒரு பக்கம், நான் குப்புறக் கிடப்பவன் பக்கம் என்று வழக்கு அதோடு முடிந்ததாக நினைத்தேன்.

ஆடி பிறந்தது. மாமனார் வீட்டில் விருந்து. வேட்டி துண்டு கொடுத்து, வயிறு முட்டப் போட்டு, பெண்ணை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையை மட்டும் அனுப்பி வைத்தார்கள். கிளம்பும்போது அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று செருப்பை மெதுவாகப் போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. முடிவு தெரிந்துவிட்டது, கதை தீர்ந்தது, பேச்சும் தீர்ந்தது என்று சைக்கிளை மிதித்தேன். கேரியரில் ஒருத்தரும் இல்லாத பாரம்.

கடையில் என்னை ‘ரிப்பேர் ரேடியோ’ என்றார்கள். வீட்டில் மாடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். பின்பக்கம் கண்ணாடிக்குள் தெரியாது; ஆனால் அந்தக் கடைசிக் கட்டம் என் கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் அந்தக் கைத்தடம் ஞாபகத்துக்கு வந்தது. விரல் நுனி கதவின் உள்பக்கம் பார்த்திருந்தது! அப்படியானால் அவள் உள்ளேதான் போனாள். வெளியே வரவில்லை. இதை அவளிடம் இப்போதே சொல்லியாக வேண்டும். ஆவணி வரைக்கும் தாங்காது.

ஆடி மாதத்தில் மாப்பிள்ளை மாமனார் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. ஆனாலும் சைக்கிளை எடுத்துவிட்டேன். குரும்பகரத்தில் வாய்க்கால் நிறையத் தண்ணீர். நடவு வயலில் குனிந்திருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

“ஏ, அந்த மாப்ள போறாரு பாருடி! ஆடி முடிஞ்சிடுச்சா?”

“அவருக்கு முடிஞ்சிடுச்சு போலருக்கு!”

சிரிப்பு வரப்பெல்லாம் என்னைத் துரத்தியது. மாமனார் களத்திலிருந்து பதறிக்கொண்டு வந்தார். “வாங்க மாப்ளே. வீட்ல அம்மாவுக்கு ஒடம்பு ஒண்ணுமில்லையே?”

“சௌக்கியமா இருக்காங்க மாமா.”

“கடையில ஏதாவது...?”

“இல்ல மாமா. ஒரு கதை விஷயமா வந்தேன்.”

அவர் என்னைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒரு கட்டிலைப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டு, வழக்கத்தைக் காப்பாற்றுகிற மாதிரி எனக்கும் சமையலறைக்கும் நடுவில் அவர் உட்கார்ந்தார். சமையலறைக் கதவு கொஞ்சம் திறந்தது.

“வெரலு உள்பக்கம் பாத்திருந்துச்சு” என்று நான் கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். “அப்ப அவ உள்ளதான் போறா.”

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“தலகீழா நடக்குறவளுக்கு வெரலு எந்தப் பக்கம் பாக்கும்? போற பக்கமா, வந்த பக்கமா?”

இதை நான் யோசிக்கவே இல்லை. மாமனாரும் யோசிக்க ஆரம்பித்தார். உள்ளங்கையை மண்ணில் ஊன்றிப் பார்த்தார். “போற பக்கந்தானே பாக்கும்?” என்று என்னிடம் கேட்டார்.

“நடந்து காட்டச் சொல்லுங்கப்பா” என்றது குரல்.

நான் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டேன். கையை ஊன்றினேன். காலை உதறி மேலே எறிந்தேன். ஒரு கணம் குரும்பகரம் முழுக்கத் தலைகீழாகத் தெரிந்தது. வயல் மேலே, வானம் கீழே, நடுவில் வரப்பில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு சிரிக்கும் பெண்கள். விரல் எந்தப் பக்கம் பார்த்தது என்று கவனிப்பதற்குள் வைக்கோல் போரில் குப்புறக் கிடந்தேன்.

கதவு முழுக்கத் திறந்தது. அவள் வாசலில் நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வந்து, கையைப் பிடித்து, என்னைத் தூக்கிவிட்டாள்.

“இதுக்காக நான் ஒத்துக்கிட்டேன்னு நெனக்காதீங்க. அவ வெளியதான் போனா.”

“எப்படிச் சொல்ற?”

“சரி மாப்ளே, கெளம்புங்க” என்று மாமனார் நடுவில் புகுந்தார். வரப்பில் இன்னும் சிரிப்பு ஓயவில்லை. “ஆவணி பொறக்கட்டும், சாவகாசமாப் பேசிக்கலாம். பேய் எங்க ஓடிடப் போவுது?”

“நாளைக்கே வரட்டும்பா” என்றாள் அவள். “நான் இன்னும் பதிலே சொல்லலையே.”